மணி நேரம் சேர்க்க ஒரு பழைய விமானம்

பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் என் லாக் புக்கில் அப்போது 92 மணி நேரம் இருந்தது. கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. கேட்பது 250. நான் படித்தது வேலை நாள் மாலைகளிலும் சனி, ஞாயிறுகளிலும் வந்து கற்றுக்கொள்பவர்களுக்கான சிறிய பள்ளி. அங்கே வாடகைக்கு இருந்த செஸ்னா 172 ஒன்றுக்கு, எரிபொருளோடு சேர்த்து, மணிக்கு 165 டாலர் வாங்கினார்கள். மீதமிருந்த 158 மணி நேரத்தை அந்த வாடகையால் பெருக்கினால் 26,070 டாலர் வந்தது. அந்தத் தொகையைச் செலவழித்து முடித்த பிறகு கையில் லாக் புக்கைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது என்பது உறுத்தியபோதுதான், ஒரு பழைய விமானத்தைச் சொந்தமாகவே வாங்கிப் பறந்தால் என்ன என்ற எண்ணம் முதலில் வந்தது.

மணி நேரம் என்றால் இந்த நாட்டில் 250-ஓடு முடிவதில்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 பயணிகள் விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாக 2010-இல் வந்த சட்டமும் 2013-இல் நடைமுறைக்கு வந்த விதியும், பயணிகள் விமான நிறுவனங்களில் துணை விமானியாகச் சேரவும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று ஆக்கிவிட்டன. அந்த விமானத்தின் இரு விமானிகளுக்குமே 1,500-ஐத் தாண்டிய அனுபவம் இருந்தது என்பது தனியாகப் பேச வேண்டிய சங்கதி. எப்படியாயினும், படிப்பு முடிந்து வேலை கிடைப்பதற்கு முன் ஒரு நீண்ட பாலைவனத்தைக் கடந்தாக வேண்டும். பெரும்பாலோர் பயிற்றுநர்களாகி அதைக் கடக்கிறார்கள். பயிற்றுநர் ஆவதற்கே முதலில் அந்த 250 வேண்டும்.

நாமக்கல்லில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் முப்பது ஆண்டுகள் பழைய லாரிகளை வாங்கி, ஓட்டி, விற்றவர். விமானம் என்றதும் பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "எத்தன வருசத்து வண்டி கண்ணு?" என்றுதான் கேட்டார்.

"எல்லாமே அம்பது வருசத்து வண்டிங்கப்பா."

சற்று நேரம் பேச்சில்லை. "ஓடிக்கிட்டிருக்கற வண்டியாப் பார்த்து வாங்கு. நிக்கிற வண்டி எதுக்கு நிக்குதுன்னு விக்கிறவன் சொல்ல மாட்டான். பெயிண்டப் பார்த்து ஏமாந்துராத" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த நான்கு மாதங்களில் எத்தனையோ விளம்பரங்களைப் படித்தேன், மூன்று விமானங்களை நேரில் பார்த்தேன். அவர் சொன்ன அந்த இரண்டு வரிகளுக்கு வெளியே நான் கற்றுக்கொண்டது ஏராளம். ஆனால் அவற்றுக்கு எதிராக ஒன்றும் இல்லை.

முதலில் கணக்கு. சொந்த விமானத்தின் செலவில், பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆகும் செலவு ஒரு பகுதி, பறக்கும்போது மட்டும் ஆகும் செலவு மற்றொரு பகுதி. நான் குறிவைத்த, இருவர் மட்டும் அமரும் செஸ்னா 150-க்கு, எங்கள் விமானத் திடலில் வெட்டவெளியில் கட்டி நிறுத்த மாதம் 75 டாலர், காப்பீடு ஆண்டுக்கு 1,100, ஆன்னுவல் எனப்படும் கட்டாய ஆண்டுப் பரிசோதனைக்கு 1,800 என்று வைத்தேன். ஆன்னுவல் என்பது நம் ஊர் லாரிக்கு எஃப்.சி. காட்டுவது போன்றது. ஆனால் விமானத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் திறந்துபோட்டுப் பார்ப்பார்கள். ஆக, பறக்காமலேயே ஆண்டுக்கு 3,800 டாலர். பறந்தால் மணிக்கு ஐந்தரை காலன் ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோல், காலன் ஆறு டாலர் வீதம் 33. ஆயிலுக்கு 2. எஞ்சினை என்றோ ஒருநாள் முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் செய்ய வேண்டும். அதற்கு 28,000 ஆகும் என்று எனக்குச் சொன்னார்கள். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் 1,800 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு பதினைந்தரை. எதிர்பாராத பழுதுகளுக்கு 15.

ஆண்டுக்கு 200 மணி நேரம் பறந்தால் இது எல்லாம் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 85 டாலர் ஆகிறது. அதே விமானத்தில் 50 மணி நேரம் மட்டும் பறந்தால் 140-ஐத் தாண்டிவிடுகிறது. அதைவிடவும் கொஞ்சமாகப் பறப்பவருக்கு வாடகையே மேல். சொந்த விமானம் மலிவாவது அதிகமாகப் பறப்பவருக்குத்தான் என்பதை அந்தத் தாளைப் பார்த்தபிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். எனவே ஒவ்வொரு விமானத்தையும் பார்க்கும்போது, இது அழகாக இருக்கிறதா, வேகமாகப் போகிறதா என்பதையெல்லாம் விட்டுவிட்டு, வாரத்தில் நான்கு முறை இதை எடுத்துச் செல்ல முடியுமா, பழுதென்று மெக்கானிக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடக்காமல் இருக்குமா என்றே கேட்டுக்கொண்டேன்.

வேகம் பொருட்டே இல்லை என்பது கார் ஓட்டுபவர்களுக்கு விந்தையாகப் படலாம். செஸ்னா 150 நல்ல நாளில் 95 நாட் (மணிக்கு ஏறத்தாழ 176 கி.மீ.) வேகத்தில் போகும். எதிர்க்காற்றில், கீழே நெடுஞ்சாலையில் செல்லும் சரக்கு லாரிகள் நம்மை முந்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் லாக் புக்கில் எழுதுவது மணி நேரத்தைத்தான். தன் எஞ்சின் வலுவில் நகரத் தொடங்கியது முதல், தரையிறங்கி நிற்கும்வரை உள்ள நேரம் எல்லாம் கணக்கில் சேரும். அதே ஐம்பது நாட்டிக்கல் மைல் தொலைவை ஆசைதீர மெதுவாகக் கடக்கும் விமானமே நமக்கு லாபம். எஞ்சினின் வயதை அளக்கும் டேக் மீட்டரோ, பயண வேகச் சுழற்சிக்குக் கீழே எஞ்சின் சுற்றும்போது மெதுவாகத்தான் ஓடும். லாக் புக்கில் ஒன்றேகால் மணி நேரம் ஏறும்போது எஞ்சினுக்கு ஒரு மணி நேரம்தான் ஏறியிருக்கும் என்பது சொந்தக்காரருக்குக் கிடைக்கும் சிறு கொசுறு.

மாடல்களில் நான் பரிசீலித்தவை நான்கைந்துதான். செஸ்னா 150, 1958 முதல் 1977 வரை இருபதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதில் இருக்கும் நூறு குதிரைத்திறன் கான்டினென்டல் ஓ-200 எஞ்சினைத் தெரியாத மெக்கானிக் இந்த நாட்டில் இருக்க வாய்ப்பில்லை. அதன் வாரிசான 152-இல் லைகமிங் ஓ-235, பத்துக் குதிரைத்திறன் கூடுதல், ஓவர்ஹாலுக்கான மணி நேரமும் அதிகம். ஆனால் 1985-க்குப் பிறகு செய்யப்படாததாலும் பள்ளிகள் விடாமல் வாங்குவதாலும் விலை கைக்கு எட்டவில்லை. பைப்பர் டோமஹாக் விலையில் மலிவு, உள்ளே இடமும் தாராளம். ஆனால் அதன் இறக்கைக்கு 11,000 மணி நேரம் என்று ஆயுள் வரம்பு இருக்கிறது. பள்ளிகளில் உழைத்துத் தேய்ந்த டோமஹாக்குகள் பல அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருப்பதால் விட்டுவிட்டேன். பைப்பர் செரோக்கீ 140-ஐ மனமார விரும்பினேன். 150 குதிரைத்திறன், மெக்கானிக்குகள் கோவில் கட்டிக் கும்பிடும் ஓ-320 எஞ்சின், எளிய அமைப்பு. செஸ்னா 172-ஐ வாங்கும் வசதி இல்லாவிட்டாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதிலும் 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடலின் எச்2ஏடி வகை எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் தேய்ந்து உதிரும் பழைய சிக்கல் உண்டு. எனவே அதற்கு முந்தைய 172எம்-ஐத் தேடினேன்.

அப்படிக் கிடைத்ததுதான் நான் முதலில் பார்த்த விமானம். ஹேங்கர் கதவைத் திறந்ததும் கண்ணைப் பறித்தது. புதிய வெள்ளை, நீலப் பெயிண்ட். தோல் இருக்கைகள். கருவிப் பலகையில் இரண்டு வண்ணத் திரைகள். ஓவர்ஹாலுக்குப் பிறகு எஞ்சின் ஓடியது வெறும் 310 மணி நேரம் என்று விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவன்போல் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, உடன் வந்த மெக்கானிக் விமானத்தின் பராமரிப்பு லாக் புக்கைப் புரட்டிக்கொண்டே, "ஓவர்ஹால் செய்தது 2004-இல். கடைசி ஆறு ஆண்டுகளில் மொத்தமே 19 மணி நேரம்தான் பறந்திருக்கிறது" என்றார்.

அதன் பொருள் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் ஒரு கந்தல் துணியில் எஞ்சினை வரைந்து காட்டி விளக்கினார். லைகமிங் எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் தெறித்து அதை நனைக்கும். நின்றுவிட்டால் ஆயில் எல்லாம் கீழே வடிந்துவிடும். ஓரிரு மாதம் ஓடாமல் நின்றால் கேம் காய்ந்து, டெக்சாஸ் ஈரப்பதத்தில் மெல்லிய துரு படியும். பிறகு எஞ்சினை ஓட்டும்போது அந்தத் துரு உப்புத்தாள்போல் தேய்த்து, கேமின் மேற்பரப்பு பொறிந்து உதிரத் தொடங்கும். சிலிண்டர் ஒன்றைக் கழற்றினால்தான் கண்ணால் பார்க்க முடியும். கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டபோது உரிமையாளர் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததில் தவறில்லை. நாங்கள் வாங்காமல் போனால் அந்தச் செலவு அவருக்கு வீண்தானே. லைகமிங், கான்டினென்டல் இரு நிறுவனங்களுமே மணி நேரம் ஆகாவிட்டாலும் 12 ஆண்டுகளில் ஓவர்ஹால் செய்யப் பரிந்துரைக்கின்றன. தனிநபர் விமானத்துக்கு அது கட்டாயம் இல்லை, ஆனால் விலையைத் தீர்மானிக்கும்போது அதை மறப்பது நம் பணத்துக்கு நாமே செய்யும் துரோகம். 310 என்ற எண்ணைவிட 19 என்ற எண்தான் அந்த விமானத்தின் உண்மையான வயதைச் சொன்னது.

இரண்டாவது விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளைகுடாக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், திறந்தவெளியில் கட்டிக் கிடந்த செரோக்கீ 140. ஐந்து மணி நேரம் காரோட்டிப் போனோம். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு மெக்கானிக் டார்ச் அடித்தார். இறக்கையைத் தாங்கும் நடுத்தண்டு இணையும் இடத்தில், கோலமாவு சிந்தியதுபோல வெள்ளைப் பொடி. உப்புக் காற்றில் அலுமினியம் அரிப்பது அப்படித்தான் இருக்கும். 2018 ஏப்ரலில் டேட்டோனா பீச்சில் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை வானிலேயே பிரிந்து இருவர் இறந்தது நினைவுக்கு வந்தது. அது செரோக்கீயின் உறவான பைப்பர் ஆரோ. காரணம் அரிப்பல்ல, நடுத்தண்டில் உழைப்பால் விழுந்த விரிசல். அதன்பின் அந்தக் குடும்பத்தின் பல மாடல்களுக்கு நடுத்தண்டின் போல்ட் துளைகளைச் சோதிக்கும் கட்டாய ஆணை வந்தது. காரணம் வேறாயினும், இறக்கையைத் தாங்கும் உலோகத்தில் வெள்ளைப் பொடியைக் கண்ட பிறகு விலை பேசும் மனநிலை எனக்கு இல்லை. திரும்பும் வழியில் வறுத்த இறால் சாப்பிட்டோம் என்பது மட்டும் அந்தப் பயணத்தின் பயன்.

மூன்றாவது, 1976-ஆம் ஆண்டு செஸ்னா 150எம். புகைப்படத்திலேயே அழகில்லை. மஞ்சள் கோடுகள் வெயிலில் வெளிறிப்போயிருந்தன. இருக்கைத் துணியில் ஓரிடத்தில் டக்ட் டேப் ஒட்டியிருந்தது. ஓவர்ஹாலுக்குப் பின் 1,050 மணி நேரம் என்றிருந்ததால் பலர் விளம்பரத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். வைத்திருந்தவர் ஒரு முதியவர். கடந்த ஏழு ஆண்டுகளாக, ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் அதில் பறந்திருக்கிறார். லாக் புக்கில் வரிக்கு வரி அது இருந்தது. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆயில் சோதனை முடிவு, நடுவே மாதக்கணக்கில் இடைவெளி எங்கும் இல்லை. கண் மருத்துவர் பறக்க வேண்டாம் என்றதால் விற்கிறார்.

லாக் புக் படிப்பது ஒரு தனிக் கலை. எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைப் படிக்கத் தெரிய வேண்டும். "ஓவர்ஹால்" என்ற சொல்லைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. "டாப் ஓவர்ஹால்" என்றால் சிலிண்டர்களை மட்டும் கவனித்திருக்கிறார்கள், கீழே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தொடவில்லை. ஒரே நாளில் புரொப்பெல்லர், முன் சக்கரத்தின் ஃபோர்க், எஞ்சின் மவுண்ட் மூன்றும் மாற்றப்பட்டிருந்தால், "விபத்து" என்ற சொல் எங்கும் இல்லாவிட்டாலும், மூக்குக் குத்தி இறங்கிய ஒரு மதியப்பொழுதை அங்கே காணலாம். புரொப்பெல்லர் தரையில் மோதியிருந்தால் எஞ்சினைப் பிரித்துச் சோதித்தார்களா என்பதே அடுத்த கேள்வி. என் 150-க்கு எஃப்.ஏ.ஏ.-இடமிருந்து முழு ஆவணத் தொகுப்பையும் வாங்கிப் பார்த்தபோது, 1989-இல் வலது இறக்கையின் நுனியைச் செப்பனிட்டதற்கான, பெரிய பழுதுவேலைகளைப் பதிவுசெய்யும் 337 படிவம் ஒன்று அதில் இருந்தது. விற்பவருக்கே அது தெரியாது. முறையாகச் செய்யப்பட்ட வேலைதான் என்பதால் கவலைப்படவில்லை. ஆனால் அந்தத் தொகுப்புக்குச் செலவழித்த பத்துச் சொச்ச டாலரைப்போல் பயனுள்ள செலவை அந்த ஆண்டில் நான் செய்யவில்லை.

பரிசோதனைக்கு, அந்த விமானத்தில் இதுவரை கைவைக்காத மெக்கானிக் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். தான் கையெழுத்திட்ட வேலையில் தானே குறை கண்டுபிடிக்க யாருக்கும் மனம் வராது. அன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு வரை அவர் பார்த்த விதத்தை அருகிலிருந்து பார்த்தேன்.

முதலில் எஞ்சின் மூடியைக் கழற்றாமலே, முன்னால் மண்டியிட்டு, எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே இருக்கும் தகடான ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியைப் பார்த்தார். முன் சக்கரத்தால் தரையிறங்கும் மாணவர்களின் பாவம் எல்லாம் அங்கேதான் தகட்டில் மடிப்பாக விழும் என்றார். தகடு நேராக இருந்தது. பின்னால் போய்க் கிடைமட்ட வாலின் நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டி, ரிவெட்டுகளைத் தடவிப் பார்த்தார். விமானத்தைத் திருப்புவதற்காக வாலை அழுத்தி மூக்கைத் தூக்கும் கெட்ட பழக்கம் பலருக்கு உண்டு. அதனால் உள்ளே விரிசல் விழும். இருக்கைகளைக் கழற்றித் தண்டவாளத் துளைகளை அளந்தார். துளை தேய்ந்துபோனால் பின் பிடிக்காமல், டேக்-ஆஃபில் மூக்குத் தூக்கும் நேரத்தில் இருக்கை பின்னோக்கி வழுக்கும். விமானி கையிலிருக்கும் யோக் எனப்படும் கைப்பிடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டே பின்னால் போவார். செஸ்னாக்களுக்கு இதைச் சோதிக்க வேண்டும் என்று கட்டாய ஆணை 1987 முதல் இருக்கிறது. சுக்கான் அளவுமீறித் திரும்பிச் சிக்கிக்கொள்வதைத் தடுக்கும் ஸ்டாப் கிட் போட்டிருக்கிறதா என்றும் பார்த்தார். 2009-இல் வந்த ஆணைப்படி அது இல்லாவிட்டால் ஸ்பின், அதாவது சுழன்றுகொண்டே கீழிறங்கும் பயிற்சி, செய்யத் தடை என்று பலகையில் எழுதி ஒட்டிவிட வேண்டும். பயிற்றுநர் உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி தேவை என்பதால் எனக்கு அது முக்கியம். போட்டிருந்தது.

பிறகு காம்ப்ரஷன் சோதனை. எஞ்சினைச் சூடாக ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டராக 80 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தி, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று இரண்டாவது மானியில் பார்ப்பார்கள். முதலாவது 74. இரண்டாவது 72. மூன்றாவது 58. நான் முகம் வாடியதைப் பார்த்த அவர், என்னை அழைத்து எக்ஸாஸ்ட் குழாயின் வாயில் காதை வைக்கச் சொன்னார். குக்கரின் விசில் வருவதற்கு முன் கேட்குமே, அந்தச் சீற்றம் மெல்லக் கேட்டது. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, இங்கே கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு என்றார். ஸ்பார்க் பிளக் துளை வழியே போரஸ்கோப் கேமராவை நுழைத்துத் திரையில் காட்டினார். மற்ற மூன்று வால்வுகளும் கல்லில் ஒரே சீராகச் சிவந்த தோசைபோல் வட்டமாக இருந்தன. மூன்றாவது சிலிண்டரின் வால்வில் மட்டும் ஓரத்தில் பிறை வடிவில் நிறம் மாறியிருந்தது. அந்த இடத்தில் வெப்பம் கசிகிறது, இன்னும் ஐம்பதோ நூறோ மணி நேரத்தில் அது எரிந்து பிளக்கும்.

நான் வாங்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அவரோ ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகர உறையை வெட்டி, மடிப்புத்தாளை அகார்டியன்போல விரித்து வெயிலில் காட்டினார். கரி இருந்தது, மினுக்கும் உலோகத்துகள் ஒன்றுகூட இல்லை. காந்தத்தை ஓட்டியபோதும் ஒட்டவில்லை. "ஒரு சிலிண்டர் என்பது ஒரு வாரச் சோலி. அடிப்பகுதி நன்றாக இருக்கிறது. எந்தக் குறையும் இல்லாத பழைய விமானத்தை எனக்கு யாராவது காட்டினால்தான் பயப்படுவேன்" என்றார்.

விற்பவர் 34,500 கேட்டிருந்தார். சிலிண்டர் வேலைக்கான மதிப்பீட்டை அவர் முன்னால் வைத்தோம். முகம் சுளிக்காமல் 32,000-க்கு ஒப்புக்கொண்டார். பேரம் என்று சொல்வதற்கே அதில் ஒன்றும் இல்லை.

வாங்குவதற்கு முன் எடை கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்த்திருந்தேன். 150-ஐ வாங்குபவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,600 பவுண்டு. என் விமானத்தின் வெற்று எடை 1,112. டேங்க் நிரம்ப 26 காலன் என்றால் 156 பவுண்டு. மிஞ்சுவது 332, அதாவது இருவரும் சேர்ந்து 150 கிலோ, பை ஒன்றும் இல்லாமல். மணி நேரம் சேர்ப்பவருக்கு இது ஏன் முக்கியம் என்றால், கண்மறைப்பு அணிந்து கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும்போது பக்கத்தில் உரிமம் உள்ள சேஃப்டி பைலட் ஒருவர் இருக்க வேண்டும். விமானத்தின் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டால், அந்தக் கண்மறைப்பு நேரத்தை இருவருமே தத்தம் லாக் புக்கில் பைலட்-இன்-கமாண்ட் நேரமாக எழுதிக்கொள்ளலாம். எரிபொருளையும் பங்கிட்டுக்கொள்ளலாம். என் நண்பன் ஒருவன் அப்படி வரத் தயாராக இருந்தான். அவன் 84 கிலோ. முக்கால் டேங்கோடுதான் எங்கள் பயணங்கள் நடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பிரியாணிக்குப் பிறகு மறுநாள் காலை மீண்டும் எடை கணக்குப் போட்ட வரலாறும் உண்டு. சேஃப்டி பைலட்டாக வருபவர் பெயரையும் காப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள்.

கருவிகளில் நான் விட்டுக்கொடுக்காதது ஒன்றுதான். விமானம் இருக்கும் இடத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும் ஏ.டி.எஸ்.-பி. அவுட் பொருத்தியிருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் டாலஸ்-ஃபோர்ட் வொர்த் போன்ற பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 நாட்டிக்கல் மைலுக்குள் அது இல்லாமல் பறக்க முடியாது, எங்கள் திடல் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. வண்ணத் திரைகளோ ஆட்டோ பைலட்டோ எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பதிவு வேலை எளிதுதான். ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் பதிவகத்தில் விமானத்தின் மீது கடன் பாத்தியதை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, விற்பனைப் பத்திரத்தையும் விண்ணப்பத்தையும் அனுப்பினோம். இங்கே வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தன் பெயரில் விமானத்தைப் பதிவுசெய்ய அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் அறக்கட்டளை அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் சுற்றி வர வேண்டியிருக்கும், அதற்குத் தனிச் செலவு உண்டு. நான் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் தேடலையே தொடங்கினேன்.

சொந்தக்காரருக்குச் சில சலுகைகள் உண்டு. பயிற்சிக்கு விமானத்தையும் சேர்த்துத் தரும் பள்ளிகள் ஒவ்வொரு நூறு மணி நேரத்துக்கும் பரிசோதனை செய்தாக வேண்டும். நான் என் விமானத்தில் ஒரு பயிற்றுநரைக் கூலிக்கு அமர்த்திக் கற்றாலும் எனக்கு ஆண்டுப் பரிசோதனை போதும். ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது, டயர் மாற்றுவது போன்றவற்றை உரிமம் உள்ள விமானியே தன் விமானத்தில் செய்து கையெழுத்திடலாம். பிளக்குகளைக் கழற்றிய முதல் நாளில், கீழ் வரிசைப் பிளக்குகளில் கடுகளவு ஈய மணிகள் ஒட்டியிருப்பதைக் கண்டேன். ஓ-200 எஞ்சின் பழைய 80 ஆக்டேன் எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டது. இன்று கிடைக்கும் நீல நிற 100எல்எல்-இல் அதைவிடப் பல மடங்கு ஈயம் இருக்கிறது. தரையில் ஓடும்போதே எரிபொருள் கலவையைத் தாராளமாகக் குறைத்து வைக்கும் பழக்கத்துக்கு வந்தபின் அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது சிலிண்டர் வேலைக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு பதினான்கு மாதங்களில் டேக் மீட்டரில் 204 மணி நேரம் ஓடியது. அந்தக் காலத்தில் விமானம் மொத்தம் ஒன்பது நாள் மட்டுமே பழுதாகி நின்றது, முன் சக்கரம் ஆடி அதிராமல் தடுக்கும் ஷிம்மி டாம்பருக்காக ஐந்து நாள், ஸ்டார்ட்டருக்காக நான்கு. கணக்குப் போட்டபடி 85 டாலரில் முடியவில்லை, 93 ஆகியிருக்கிறது. கமர்ஷியல் தேர்வு முடிந்துவிட்டது. பயிற்றுநராகச் சேரவிருக்கும் பள்ளியில் அவர்கள் விமானத்தில்தான் பறக்க வேண்டும் என்பதால், இப்போது 150-ஐ விற்பனைக்குப் போட்டிருக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவர் வந்து பார்த்தார். பெயிண்ட் வெளிறியிருப்பதை இரண்டு முறை சொன்னார். வரும் சனிக்கிழமை அவருடைய மெக்கானிக் வருகிறார். வெட்டி விரித்த ஆயில் ஃபில்டர் தாள்கள் நான்கையும், தேதி எழுதிய பைகளில் போட்டு, லாக் புக்குகளுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.